ஆடிக் காற்றில் அளக்கச் சொல்லுங்கள்

மாரிகுப்பம், சாம்பியன், உரிகம், கோரமண்டல் நிலையங்களில் விடியுமுன் ரயிலேறி, பெங்களூரில் உழைத்து, ஊர் அடங்கிய பிறகு வீடு திரும்பும் கோலார் தங்கவயல் தோழர்களுக்கு,



நம் சயனைடு மலைகளைப் பற்றி உங்களிடம்தான் பேச வேண்டும் என்று நெடுநாளாக நினைத்திருந்தேன். 2024 ஜூனில் கர்நாடக அமைச்சரவை ஒரு முடிவெடுத்தது. பாரத் கோல்டு மைன்ஸ் நிறுவனத்தின் 13 மண்மேடுகளை, அதாவது இந்த மலைகளை, ஆயிரம் ஏக்கருக்குச் சற்று மேற்பட்ட பரப்பில், மறுபடியும் வெட்டித் தங்கம் பிரிக்கலாம் என்ற மத்திய அரசின் யோசனைக்கு ஒப்புதல் தந்தது. அன்றிலிருந்து நம் ஊரில் நாலு பேர் கூடினால் ஒரே பேச்சுதான்: மைன்ஸ் திறக்கப் போகிறார்களாமே, வேலை வருமா?

அந்தக் கேள்வியை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. 2001 பிப்ரவரி 28 அன்று சுரங்கத்தை மூடியபோது வீட்டுக்கு வீடு என்ன நடந்தது என்று நமக்குத் தெரியும். உங்களில் பலர் படிப்பைப் பாதியில் விட்டது அதனால். கைக்குழந்தை கண் விழிக்குமுன் கிளம்பி, அது தூங்கிய பிறகு வந்து சேர்வது அதனால். வாசலுக்கே வேலை வரும் என்றால் வேண்டாம் என்று யார் சொல்வார்கள்? நானும் சொல்லவில்லை. அந்த மண்ணில் முதல் பொக்லைன் இறங்குவதற்கு முன்பு நாம் கேட்டு வாங்கிக்கொள்ள வேண்டியவை சில இருக்கின்றன என்று மட்டும் சொல்கிறேன். இறங்கிய பிறகு கேட்டால் கிடைக்காது.

முதலில் அந்த மலையில் என்ன இருக்கிறது என்று பார்ப்போம். நாம் அதன் நிழலிலேயே வளர்ந்தோம், பள்ளி விட்டதும் சறுக்கி விளையாடினோம். அதற்குள் இருப்பதை யாரும் நமக்குப் பாடமாக நடத்தவில்லை.

ஜான் டெய்லர் கம்பெனி 1880-ல் இங்கே வந்த பிறகு, சாம்பியன் ரேகையில் கிடைத்த பாறை வளமானது. ஆரம்ப காலத்தில் ஒரு டன் பாறையில் 40 கிராமுக்கும் மேல் தங்கம் கிடைத்தது. மூடும் காலத்தில் அது 3 கிராம் அளவுக்கு இறங்கிவிட்டது. பெரும்பாலான காலம் வேலை ஒன்றுதான். மூன்று கிலோமீட்டர் ஆழம் வரை போய்ப் பாறையை உடைத்து மேலே கொண்டுவர வேண்டும். மில்லில் போட்டு மாவாக அரைக்க வேண்டும். மாவின் ஒவ்வொரு துகளையும் சயனைடு கரைசல் தொட்டால்தான் தங்கம் கரைந்து வரும். கரைசலில் துத்தநாகத் தூளைப் போட்டால் தங்கம் படியும். மிச்சச் சேற்றைக் குழாயில் தள்ளி வெட்டவெளியில் கொட்டினார்கள். தண்ணீர் வற்றியதும் மண் நின்றது. 120 வருடத்தில் ஏறக்குறைய 800 டன் தங்கம் போனது. நமக்கென்று விட்டுப்போனது மூன்று கோடியே முப்பது லட்சம் டன் தூள்.

இதில் சயனைடைப் பற்றித்தான் எல்லோருக்கும் பயம். கரைசலாக இருக்கும் சயனைடு வெயிலிலும் காற்றிலும் மெல்ல மெல்லச் சிதைந்துவிடும். மலையின் மேல்தோலில் பழைய சயனைடு பெரிதாக மிஞ்சியிருக்க வாய்ப்புக் குறைவு. இரும்போடு கட்டுண்டு போன சயனைடு மட்டும் அடியில் நெடுங்காலம் கிடக்கும். அதைவிட எனக்குக் கவலை தருபவை வேறு இரண்டு. பாறையிலிருந்த கந்தகக் கனிமங்கள் அரைபட்டுத் தூளாகிக் காற்றும் மழையும் படும்படி கிடக்கின்றன. தண்ணீர் பட்டால் அவை அமிலமாக மாறும். அமிலம் ஆர்செனிக் போன்றவற்றைக் கரைத்துக் கீழே இறக்கும். இது ஒன்று. மற்றொன்று சிலிக்கா. படிகப் பாறையின் தூள். வெயிலோ மழையோ காலமோ அதை ஒன்றும் செய்யாது.

நல்ல மழை பெய்து இரண்டு மூன்று நாள் வெயிலடித்த பிறகு எந்த மேட்டின் அடிவாரத்துக்காவது போய்ப் பாருங்கள். உச்சியிலிருந்து விரல் விரலாக நீர் அரித்த பள்ளங்கள் இறங்கியிருக்கும். சில இடங்களில் ஒரு ஆள் நிற்கும் ஆழம். பள்ளத்தின் சுவரில் சாம்பல், மஞ்சள், துரு நிறம் என்று வரிவரியாகத் தெரியும். ஒவ்வொரு வரியும் ஒவ்வொரு காலத்தில் கொட்டியது. துருநிற வரிதான் அமிலம் வேலை செய்த இடம். கீழே, தண்ணீர் தேங்கி வற்றிய ஓரத்தில் வெள்ளையாக உப்புப் பூத்திருக்கும். அதைத் தாண்டிப் பத்தடி தூரத்துக்கு ஒரு புல்லும் இருக்காது. அதற்கப்பால்தான் சீமைக்கருவேலம் ஆரம்பிக்கும். அந்த ஓடை எங்கே போகிறது என்று நடந்து பாருங்கள். நம் ஊரில் விழும் மழை பாலாற்றுப் படுகையைச் சேர்ந்தது. ஆந்திரத்தைக் கடந்து வாணியம்பாடி, ஆம்பூர் என்று இறங்கும் அதே பாலாறு. தோல் தொழிற்சாலைக் கழிவில் ஏற்கெனவே நொந்துபோன ஆறு. நம் தாத்தா பாட்டிகள் ஆற்காட்டுப் பக்கத்திலிருந்து வந்தவர்கள் என்பதை நினைத்துக்கொள்ளுங்கள்.

தண்ணீரை விட்டு இப்போது காற்றுக்கு வருகிறேன். நான் இந்தக் கடிதம் எழுதுவதே அதற்காகத்தான்.

ஆடி மாதம் மேற்கிலிருந்தும் தென்மேற்கிலிருந்தும் காற்று கிளம்பும். சுரங்கத் தொழிலாளர்களின் லைன் வீடுகளில் அம்மாக்கள் அன்றைக்குத் துணி துவைக்க மாட்டார்கள். தண்ணீர் டிரம்முக்கு மூடி போட்டு மேலே ஒரு கல்லை வைப்பார்கள். சன்னலுக்குப் பழைய புடவையை ஈரமாக்கிக் கட்டுவார்கள். அப்படியும் சாயங்காலம் எவர்சில்வர் தட்டை எடுத்தால் விரல் படும் இடத்தில் கோடு விழும். முகப்பவுடர் போல அவ்வளவு மெல்லிய தூள். மாடியில் மிளகாய் காயப்போட்டவர்கள் அள்ளிக் கொட்டிவிடுவார்கள். நீங்கள் அந்த நேரத்தில் ரயிலிலோ ஒயிட்ஃபீல்டில் ஒரு கண்ணாடிக் கட்டடத்திலோ இருப்பீர்கள். அந்தத் தூளைச் சுவாசிப்பது வீட்டிலிருக்கும் வயசானவர்களும் குழந்தைகளும்.

சிலிக்கா என்றால் என்ன என்று நம் குடும்பங்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. 1940-களில் நம் சுரங்கத் தொழிலாளர்களின் நெஞ்சைப் படம் எடுத்துப் பரிசோதித்தபோது, நூற்றுக்கு 40 பேருக்கும் மேல் சிலிக்கோசிஸ் என்ற நுரையீரல் நோய் இருந்தது. இந்தியாவில் சிலிக்கோசிஸ் பற்றி எழுதுபவர்கள் பலர் இன்றும் அந்த ஆய்வைக் குறிப்பிடுகிறார்கள். நெஞ்சைப் பிடித்துக்கொண்டு கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தபடியே இரவைக் கழித்த பெரியவர்கள் இல்லாத வீடு எந்த லைனில் இருந்தது? சுரங்கத்துக்குள் அவர்கள் சுவாசித்த அளவு வேறு, மேலே நம் வீட்டுக்குள் வரும் அளவு வேறு. இரண்டையும் ஒன்றென்று சொல்லிப் பயமுறுத்த மாட்டேன். பொருள் ஒன்றுதான். அதனால்தான் அளக்க வேண்டும் என்கிறேன்.

எப்போது அளப்பார்கள் என்பதில்தான் சிக்கல் இருக்கிறது. ஒரு சுரங்கத் திட்டத்துக்குச் சுற்றுச்சூழல் அனுமதி கேட்டால், இப்போதைய காற்றும் தண்ணீரும் எப்படி இருக்கின்றன என்று முதலில் அளந்து அறிக்கை தர வேண்டும். இதை அடிப்படை நிலை என்பார்கள். நாளைக்கு மாசு கூடியதா குறைந்ததா என்று எந்த வழக்கில் வாதாடினாலும் இந்த எண்ணோடுதான் ஒப்பிடுவார்கள். மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் சுரங்கங்களுக்கு வழக்கமாகத் தரும் ஆய்வு வரையறையில், காற்றை ஒரு பருவத்துக்கு அளந்தால் போதும், அது மழைக்காலம் அல்லாத பருவமாக இருக்க வேண்டும் என்றிருக்கிறது. கோடை, மழைக்குப் பிந்தைய மாதங்கள், குளிர்காலம் இவற்றில் ஒன்று. பொதுவாகப் பார்த்தால் அதில் நியாயம் உண்டு. மழை பெய்தால் தூசி அடங்கிவிடும், அளவு குறைத்துக் காட்டும், அதனால் வேண்டாம் என்று வைத்திருக்கிறார்கள்.

தங்கவயலில் நிலைமை வேறு. தென்மேற்குப் பருவத்தின் முதல் மாதங்கள் நமக்குத் தருவது மழையைவிடக் காற்றைத்தான். நம் கனமழை பெரும்பாலும் அதற்குப் பிறகு, புரட்டாசி ஐப்பசியில். தூசி பறக்கும் மாதங்கள் எவையோ அவற்றையே விலக்கிவிட்டு அளக்கும் விதி நம் தலையில் வந்து விழும். மார்கழிப் பனியில் காற்று அசையாத பருவத்தில் இயந்திரத்தை வைத்து அளந்துவிட்டு, எல்லாம் அளவுக்குள் இருக்கிறது என்று எழுதினால் அது பொய்க் கணக்கும் ஆகாது. விதிப்படி சரியான கணக்காகவே இருக்கும். அந்தக் கணக்குத்தான் முப்பது வருடத்துக்கு நம் பேரப்பிள்ளைகள் தலையில் நிற்கும்.

ஆகவே என் முதல் வேண்டுகோள் இதுதான்: ஆடிக் காற்றில் அளக்கச் சொல்லுங்கள். வருடம் முழுவதும் அளக்கச் சொல்லுங்கள், ஆடியும் ஆவணியும் கட்டாயம் அதில் இருக்க வேண்டும். இயந்திரத்தை மேட்டுக்கு மேற்கே ஆபீஸ் கட்டடத்து மாடியில் வைக்காமல், காற்று போய்ச் சேரும் கிழக்குப் பக்கத்து லைன்களிலும் பள்ளிக்கூட வளாகங்களிலும் வைக்கச் சொல்லுங்கள். தூசியின் எடையை மட்டும் சொன்னால் போதாது, அதில் சிலிக்கா எவ்வளவு, ஆர்செனிக் எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல வேண்டும். அடிவாரத்துக் கிணறுகளிலும் போர்வெல்களிலும் மழைக்கு முன்னும் பின்னும் தண்ணீர் எடுக்க வேண்டும். இதெல்லாம் இந்த ஊரில் நடக்காத காரியமா? 1965-ல் நம் சாம்பியன் சுரங்கத்தின் ஆழத்தில்தான் வளிமண்டல நியூட்ரினோவைப் பிடித்தார்கள், உலகில் முதன்முதலாக அது அகப்பட்ட இடங்களில் ஒன்று நம் ஊர். பூமியையே துளைத்துக்கொண்டு போகும் துகளை எண்ணிய ஊரில், தட்டில் படியும் தூளை அளக்க முடியாதென்று யாரும் சொல்ல விடாதீர்கள். பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்து ஆய்வாளர்கள் நம் மேட்டு மண்ணில் சயனைடையும் அமிலத்தையும் ஏற்கெனவே ஆராய்ந்து கட்டுரை வெளியிட்டிருக்கிறார்கள். அறிவு நூறு கிலோமீட்டர் தூரத்தில்தான் இருக்கிறது, நீங்கள் தினமும் போய்வரும் தூரம்.

அடுத்தது, மண்ணை எடுத்த பிறகு அது எங்கே போகும் என்பது.

இப்போது மேட்டில் ஒரு டன் மண்ணுக்கு ஒரு கிராம் தங்கம்கூட இல்லை. அந்தச் சொற்பத்தை எடுக்க மண்ணை மறுபடி கரைத்து, மறுபடி சயனைடு கலக்க வேண்டும். ஒரு டன்னில் ஒரு கிராமுக்கும் குறைவாக எடுத்தால் மீதி எவ்வளவு? முழு டன்னும் அப்படியேதான் இருக்கும். மூன்று கோடியே முப்பது லட்சம் டன் குறையப் போவதில்லை. காய்ந்து கிடந்தது ஈரமாகும், பழைய சயனைடு போய்ப் புதிய சயனைடு வரும். மலைகளை அகற்றப் போகிறோம் என்று யாராவது உங்களிடம் சொன்னால், எங்கே வைக்கப் போகிறீர்கள் என்பதுதான் கேட்க வேண்டிய கேள்வி.

ருமேனியாவில் பாயா மாரே என்று ஒரு ஊர். நம்மைப் போலவே நெடுங்காலமாகச் சுரங்கத்தில் பிழைத்த ஊர், ஊருக்குப் பக்கத்திலேயே பழைய கழிவுமேடுகள். ஒரு ஆஸ்திரேலிய நிறுவனமும் ருமேனிய அரசும் சேர்ந்து ஔருல் என்ற கம்பெனியைத் தொடங்கின. பழைய மேட்டைக் கரைத்து மிச்சத் தங்கத்தை எடுப்பது, ஊரை ஒட்டியிருக்கும் கழிவை ஊருக்கு வெளியே புதுக் குளத்துக்குக் கொண்டுபோவது என்று திட்டம். இன்று நமக்குச் சொல்லப்படுவதும் ஏறக்குறைய இதுதான். 2000 ஜனவரி 30 இரவு, பனி உருகியும் மழை பெய்தும் குளம் நிரம்பிக் கரை உடைந்தது. சயனைடு கலந்த தண்ணீர் ஒரு லட்சம் கன மீட்டர் வெளியேறியது. சோமெஷ் ஆற்றில் விழுந்து, ஹங்கேரியின் திசா ஆற்றைச் சேர்ந்து, டான்யூப் வரை போனது. ஹங்கேரியில் மட்டும் ஆயிரம் டன்னுக்கு மேல் மீன் செத்து மிதந்தது. ஆற்றை நம்பிய நகரங்களில் குடிநீரை நிறுத்த வேண்டியதாயிற்று. உபரி மழைக்கு இடம் விடாமல் குளத்தைக் கட்டியிருந்தார்கள். சுத்தம் செய்யும் வேலை என்று சொல்லித் தொடங்கியது அப்படி முடிந்தது.

இதைச் சொல்வதால் இந்த வேலையே ஆகாது என்று அர்த்தமில்லை. ஜோகன்னஸ்பர்க் நகரத்தைச் சுற்றி இதே மாதிரியான தங்கச் சுரங்க மேடுகளைப் பல பத்தாண்டுகளாகத் தண்ணீர் பீய்ச்சிக் கரைத்து, குழாயில் தூரத்துக்குக் கொண்டுபோய், மேடு இருந்த நிலத்தை விடுவித்து வருகிறார்கள். அங்கேயும் புது மேட்டின் தூசி பற்றிப் புகார்கள் உண்டு. ஆனாலும் முடிகிற காரியம். எப்படிச் செய்ய வேண்டும் என்பது உலகத்துக்குத் தெரியும். வெளியே விடுவதற்கு முன் கழிவுச் சேற்றிலிருக்கும் சயனைடை மில்லிலேயே சிதைத்துவிட வேண்டும், அதற்குக் கந்தக டை ஆக்சைடும் காற்றும் கலக்கும் முறை நெடுநாளாக இருக்கிறது. சேற்றைப் பிழிந்து தண்ணீரைத் திருப்பி எடுத்துக்கொண்டால், ஈரமண்ணாக அடுக்கலாம், உடைவதற்குக் குளமே இருக்காது. தண்ணீர்ப் பஞ்சத்தில் கிடக்கும் கோலார் மாவட்டத்துக்கு இந்த முறைதான் பொருந்தும் என்று நினைக்கிறேன். அடியில் தடித்த பிளாஸ்டிக் விரிப்பு, சுற்றிலும் வடிகால், வடிகால் முடிவில் வண்டல் தொட்டி, அதற்கப்பால் சோதனைக் கிணறுகள். மேலே ஒரு முழத்துக்குக் குறையாமல் நல்ல மண் பரப்பி, அதன்மேல் புல்.

புல் என்றதும் ஒன்று சொல்கிறேன். சுரங்கக் கழிவின்மேல் வளர்க்க உலகம் தேடிப் போகும் புல் நம் வெட்டிவேர். அமிலத்தையும் ஆர்செனிக்கையும் தாங்கும், வேர் இரண்டு மூன்று மீட்டர் நேராக இறங்கி மண்ணைப் பிடித்துக்கொள்ளும். நம் தெற்கின் புல், தென்னாப்பிரிக்காவிலும் ஆஸ்திரேலியாவிலும் சுரங்க மேடுகளைக் காக்கிறது. பொக்லைன் வருவதற்கு ஐந்து வருடம் ஆகலாம், பத்து வருடம் ஆகலாம். அதுவரை தூசி காத்துக்கொண்டிருக்காது. எடுக்கப் போகும் மண்தானே என்று சும்மா விடாமல், லைன்களுக்கு மிக அருகிலிருக்கும் சரிவுகளில் இப்போதே வெட்டிவேர் நடச் சொல்லிக் கேட்கலாம். பெரிய செலவில்லாத வேலை, அடுத்த ஆடிக்கே பலன் தெரியும். ஆடு மாடு மேய விடாமல் வேலி மட்டும் வேண்டும்.

செலவு யார் தலையில் என்ற கேள்விக்கு வருகிறேன். சுரங்கத்தை மூடும்போது நிலத்தை எப்படிச் சரிசெய்வது என்று திட்டம் தர வேண்டும், அதற்கான பணத்துக்கு உத்தரவாதமும் தர வேண்டும் என்ற விதி நம் நாட்டில் 2003-ல் வந்தது. நம் சுரங்கத்தை மூடியது 2001-ல். இரண்டே வருட இடைவெளியில் நாம் அந்த விதிக்கு வெளியே விழுந்தோம். பம்புகளை நிறுத்தினார்கள், ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல் நீளும் சுரங்கப் பாதைகளில் தண்ணீர் ஏறியது. ஷாஃப்டுகள் என்ற செங்குத்துச் சுரங்கக் குழிகள் பலவற்றுக்குச் சரியான மூடியும் இல்லை. 2020 மே மாதம் மாரிகுப்பத்தில் ஒரு ஷாஃப்டுக்குள் பொன்மண் தேடி இறங்கியவர்களில் மூன்று பேர் பிணமானார்கள். அந்தச் சாவுகளை வெறும் திருட்டுக் கேஸாக எழுதி முடித்துவிட முடியாது. மூடாமல் விட்ட ஒரு சுரங்கத்தின் கணக்கில் அவையும் சேரும்.

2025 ஜூலையில் மத்திய அரசு மாசடைந்த இடங்களைக் கண்டறிந்து சுத்தம் செய்யத் தனி விதிகளை அறிவித்தது. யார் மாசுபடுத்தினார்களோ அவர்களே செலவைத் தர வேண்டும் என்கிறது. நல்ல விதி. ஆனால் சுரங்கத் தொழிலால் வந்த மாசைப் பொதுவாக அதற்கு வெளியே நிறுத்தியிருக்கிறார்கள், அதற்கு வேறு சட்டம் இருக்கிறது என்ற காரணத்தில். அந்தச் சட்டத்தின் கீழ் சுரங்க மூடல் விதி வந்ததோ நாம் மூடிய பிறகு. ஆகப் பழைய மேடுகளுக்கு இரண்டு பக்கமும் கதவு அடைத்திருக்கிறது. திறந்திருப்பது ஒரே கதவு. இப்போது தங்கம் எடுக்க வருபவரின் உரிம ஒப்பந்தம். சுத்தம் செய்யும் பணம் அந்தக் காகிதத்தில் ஏறினால் உண்டு, ஏறாவிட்டால் இல்லை. லாபம் வந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்பதை நாம் ஏற்கக் கூடாது. தங்க விலை இறங்கினால் கம்பெனி கிளம்பிவிடும். தோண்டத் தொடங்குமுன்பே முழுத் தொகையும் வங்கியில் தனிக் கணக்கில் இருக்க வேண்டும், வேலை முடியமுடிய விடுவிக்க வேண்டும்.

அப்படிப் போய்விட்ட கம்பெனி ஒன்று கனடாவில் இருந்தது. எல்லோநைஃப் நகரத்தின் ஜெயண்ட் தங்கச் சுரங்கம். பாறையை வறுத்துத் தங்கம் எடுத்ததில் 2,37,000 டன் ஆர்செனிக் தூள் மிஞ்சியது. அதைச் சுரங்கத்துக்குள்ளேயே அறைகளில் அடைத்தார்கள். 1999-ல் கம்பெனி திவாலானது. அரசின் தலையில் விழுந்த செலவு இன்று 400 கோடி கனடிய டாலரைத் தாண்டி நிற்கிறது. தூளை வெளியே எடுப்பது ஆபத்து என்று, சுற்றியுள்ள பாறையையே உறையவைத்துக் காலத்துக்கும் காவல் காக்கும் திட்டம் நடக்கிறது. அங்கே எனக்குப் பிடித்த விஷயம் வேறொன்று. அந்த மண்ணின் பூர்வகுடியான டெனே மக்களும் நகரத்தாரும் விடாமல் வற்புறுத்தி, 2015-ல் ஒரு ஒப்பந்தம் போட வைத்தார்கள். சுத்தம் செய்யும் வேலையைக் கண்காணிக்க, அரசுக்குக் கீழ்ப்படாத ஒரு குழு. செலவு அரசுடையது. குழு தன் அறிக்கையை வெளிப்படையாக மக்கள் முன் வைக்கும். அப்படி ஒன்று நமக்கும் வேண்டும். அதில் லைன் வீட்டுப் பெண்கள் இருக்க வேண்டும், பழைய மில் தொழிலாளி ஒருவர் இருக்க வேண்டும், தூசி விழும் பள்ளியின் ஆசிரியர் ஒருவர் இருக்க வேண்டும், சட்டமும் வேதியியலும் தெரிந்த உங்களில் இருவர் இருக்க வேண்டும்.

வேலையா, சுத்தமா என்று உங்களிடம் யாராவது கேட்டால் அந்த வலையில் விழாதீர்கள். சுத்தம் செய்வதே வேலைதான். வடிகால் வெட்டுவது, விரிப்பு ஒட்டுவது, பம்ப் ஓட்டுவது, நாற்றங்கால் வைப்பது, தினமும் தண்ணீர் மாதிரி எடுத்து ஆய்வகத்தில் சோதிப்பது, இயந்திரங்களைப் பழுது பார்ப்பது, கணக்கு வைப்பது. தங்கம் எடுக்கும் மில் சில வருடங்களில் தன் வேலையை முடித்துவிடும், கண்காணிப்பு பல பத்தாண்டு நடக்கும். ஐடிஐ முடித்துவிட்டு ஒயிட்ஃபீல்டில் செக்யூரிட்டி வேலை பார்க்கும் தம்பிகளுக்கும், வேதியியல் படித்துவிட்டு கால் சென்டருக்குப் போகும் தங்கைகளுக்கும் ஊரிலேயே சம்பளம் தரக்கூடிய வேலை இது. உள்ளூர் ஆட்களுக்குப் பயிற்சி கொடுத்து அமர்த்த வேண்டும் என்பதையும் அதே ஒப்பந்தத்தில் எழுதச் சொல்லுங்கள். காண்டிராக்டர் வைத்த கூலிகளாக, முகத்துக்குக் கர்ச்சீப் மட்டும் கட்டிக்கொண்டு அந்தத் தூளை நம் பிள்ளைகள் அள்ள நேரக் கூடாது. தாத்தாக்கள் பட்டது போதும்.

அனுமதி கொடுப்பதற்கு முன் மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் பொதுமக்கள் கருத்துக் கேட்புக் கூட்டம் நடத்த வேண்டும். 2006 சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையின்படி 30 நாளுக்குக் குறையாமல் முன்கூட்டியே பத்திரிகையில் அறிவிக்க வேண்டும். கூட்டத்தை வீடியோ எடுக்க வேண்டும். பேசியவர்கள் சொன்னது அறிக்கையில் ஏற வேண்டும். இத்தகைய கூட்டங்களை வேலைநாளில், பகல் பதினொரு மணிக்கு வைப்பதுதான் வழக்கம். அந்த நேரத்தில் நீங்கள் யாரும் ஊரில் இருக்க மாட்டீர்கள். அரங்கத்தில் வயசானவர்கள் நாலு பேரும் கட்சிக்காரர்களும் இருப்பார்கள், மக்கள் ஆட்சேபம் இல்லை என்று எழுதிக்கொண்டு போவார்கள். கைரேகைப் பதிவை எதிர்த்து 1930-ல் மொத்தச் சுரங்கத்தையும் நிறுத்திக் காட்டியவர்களின் ஊர், ஆள் இல்லாத கூட்டத்தில் சம்மதம் கொடுத்ததாக ஆகிவிடக் கூடாது.

அதனால் இப்போதே ஆரம்பிக்கலாம். கூட்டத்தை ஞாயிற்றுக்கிழமை வைக்கச் சொல்லி மாவட்ட ஆட்சியருக்கும் வாரியத்துக்கும் மனு எழுதலாம். ரயில் பெட்டியிலேயே கையெழுத்து வாங்கிவிடலாம், ஒரு காலைப் பயணம் போதும். சுற்றுச்சூழல் அறிக்கையின் சுருக்கத்தை ஆங்கிலத்திலும் உள்ளூர் மொழியிலும் தர வேண்டும் என்கிறது சட்டம். கன்னடத்தில் தருவார்கள், அது சரிதான். தூசி விழும் லைன்களில் நம் அம்மாக்கள் படிப்பது தமிழ். தமிழ்ப் பிரதியும் வேண்டும் என்று அதே மனுவில் கேளுங்கள். நேரில் வர முடியாதவர்கள் எழுத்தில் அனுப்பும் கருத்தையும் வாரியம் ஏற்க வேண்டும், அதற்கும் விதியில் இடமிருக்கிறது.

மனு எழுதுமுன் கையில் ஒரு ஆதாரம் வேண்டும். வீட்டுக்கு ஒரு பழைய நோட்டுப் புத்தகம் போதும். தூள் விழுந்த தேதி, காற்று வந்த பக்கம், எத்தனை மணியிலிருந்து எத்தனை மணி வரை, அன்று வீட்டில் யாருக்காவது இருமலோ கண் எரிச்சலோ இருந்ததா என்று எழுதி வைக்கச் சொல்லுங்கள். பகலில் வீட்டிலிருப்பவர்கள் எழுதட்டும். நீங்கள் ஞாயிற்றுக்கிழமைகளில் அதை வாங்கி, போனில் படமெடுத்து, மேடு வாரியாக ஒன்று சேருங்கள். ஒரு ஆடியிலிருந்து ஆவணி முடிய ஐம்பது வீட்டுக் கணக்கு சேர்ந்தால், மழையில்லாத பருவத்தில் அளந்தோம், எல்லாம் சரியாக இருந்தது என்று யாரும் நம்மிடம் காகிதத்தை நீட்ட முடியாது. நாம் வேறொரு காகிதத்தை நீட்டுவோம். ஆண்டர்சன்பேட்டைப் பக்கமும் மாரிகுப்பம் லைன்களிலும் நோட்டுகளைச் சேகரிக்கும் பொறுப்பை நான் எடுத்துக்கொள்கிறேன். உரிகம், கோரமண்டல் பக்கத்துக்கு உங்களில் யாராவது முன்வாருங்கள்.

தோழமையுடன்,
சாம்பியன் ரீஃப் லைன் வீட்டில் வளர்ந்த ஒருவன்